பிளாஸ்டர் சீலிங் வேலை கற்றுக்கொள்ள எது நல்ல வழி?

பட்டர்வொர்த் பையன்: எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டேன், வயது 19. மாமாவின் நண்பர் பிளாஸ்டர் சீலிங், ஜிப்சம் பார்ட்டிஷன் (ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவர்) வேலைக்கு நாள் கூலிக்குக் கூப்பிடுகிறார். அம்மாவோ சான்றிதழ் இல்லாத வேலை வேண்டாம் என்கிறார். எதில் இறங்குவது?

சீலிங்காரன்: தம்பி, 14 வருடமாக எனக்கு இதே வேலை. முதல் ஆறு மாதம் பலகை தூக்கினேன், தூசி தின்றேன், அவ்வளவுதான். பலகை அடிப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளலாம். பலகைகள் சேரும் ஜாயின்ட்டில் டேப் ஒட்டி, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததை இன்னும் அகலமாக இழுத்து, தேய்த்து, கடைசியில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளம் தெரியக்கூடாது, அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். முதலில் சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) கொடுக்கும் பச்சை அட்டை, அதாவது கட்டுமானத் தொழிலாளர் பதிவு அட்டை எடு.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா: அம்மா சொல்வதும் சரிதான். எஸ்எல்டிஎன் என்ற அரசுத் தொழிற்பயிற்சி முறையில் பெரும்பகுதி பயிற்சி வேலையிடத்திலேயே, முடிவில் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) கிடைக்கும். நேராக வேலைக்குப் போனாலும், அனுபவம் சேர்ந்ததும் பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாக ஆதாரம் காட்டி எஸ்கேஎம் வாங்கலாம். அதனால் செய்த வேலையை எல்லாம் படம் பிடித்து வை.

சீலிங்காரன்: அப்புறம், கூலியை எழுத்தில் வாங்கு. எனக்கு ஒரு தவுக்கே (முதலாளி) இரண்டு மாதம் இழுத்தடித்தார்.

பட்டர்வொர்த் பையன்: சரி அண்ணே, பச்சை அட்டைக்கு நாளைக்கே விசாரிக்கிறேன்.