ஏடிஹெச்டி உள்ள மாணவியை மற்ற பெண்கள் ஒதுக்குகிறார்கள், என்ன செய்யலாம்?

ஏற்காடு டீச்சர்:
ஆறாம் வகுப்பு மாணவி. சேலத்தில் டாக்டர் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) என்று உறுதி செய்து, காலையில் போட மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார். படிப்பு தேறிவிட்டது. மதியச் சாப்பாட்டில்தான் சிக்கல். மற்ற பெண்கள் டிபன் பாக்ஸோடு நகர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "பேசவே விடமாட்டா, ரகசியத்தை வெளியே சொல்லிடுவா" என்கிறார்கள். எப்படிப் பழகணும் என்று கேட்டால் அவளே அழகாகச் சொல்கிறாள், ஆனால் செய்ய வரவில்லை. நானும் அவள் அம்மாவும் என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி கவுன்சலர்:
டீச்சர், நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் விஷயமே. தெரிந்தது அந்த நொடியில் அவளுக்குக் கைகொடுப்பதில்லை. அதனால்தான் தனி அறையில் உட்காரவைத்துப் பழக்கவழக்கம் சொல்லித்தருவது பெரிதாகப் பலிப்பதில்லை. நடக்கிற இடத்திலேயே நினைவூட்டணும்.

பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஒதுக்குவார்கள். "இங்க ஆள் வருது" என்று இடம் பிடித்துவைப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்காமல் விடுவது. பேச்சுக்கு நடுவில் இவள் கவனம் எங்கோ போனால் 'திமிரு' என்று பெயர். அந்தப் பெயர், நடத்தை மாறின பிறகும் லேசில் போகாது. ஆகவே வகுப்பு அவளைப் பார்க்கிற பார்வையும் மாறணும். எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கண்டிக்காதீர்கள், பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துத்தான் ஒருத்தியை எடைபோடுகிறார்கள். மேசை ஓரத்தில் விரலால் ஒரு தட்டு, அதுதான் சைகை என்று அவளிடம் தனியாகப் பேசிவையுங்கள். ஜோடி பிரிப்பதைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே போடுங்கள்.

அம்மாபேட்டை அக்கா:
அம்மாவுக்கு ஒன்று. முழு வகுப்பையும் பிடிக்கப் பார்க்க வேண்டாம், ஒரு தோழி அமைந்தாலே பெரிய பலம். சனிக்கிழமை ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைக்கட்டும். இரண்டு பேர் வந்தால் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இவள் தனியாகிவிடுவாள். ஒரு மணி நேரம் போதும். கைக்கு வேலை இருக்கணும். நம்ம ஊர் தட்டுவடை செட் ரொம்பப் பொருத்தம்: ஒருத்தி சட்னி தடவ, இன்னொருத்தி துருவின கேரட், பீட்ரூட் வைத்து மேல் தட்டுவடையை மூட, பிறகு வேலையை மாற்றிக்கொள்ளலாம். காத்திருப்பது வேலையோடு வந்துவிடும். அம்மா பக்கத்தில் இருக்கணும், ஆனால் வந்த பிள்ளை முன்னால் திருத்தக் கூடாது. நன்றாகப் போகும்போதே முடித்து அனுப்பிவிடுங்கள், சண்டை வருவது களைத்த பிறகுதான்.

ரகசியத்துக்கு ஒரு வரி பழக்குங்கள்: "எங்கிட்ட சொல்லாதடி, வாய் தவறி வந்துடும்." அதைச் சொல்லத் தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

மாத்திரை பற்றி மட்டும் – சூரமங்கலம்:
உடனே கரையும் மெத்தில்ஃபெனிடேட்டா என்று சீட்டைப் பாருங்கள். அது வேலை செய்வது ஏறக்குறைய 4 மணி நேரம்தான். காலை 8 மணிக்குப் போட்டால் சாப்பாட்டு மணி அடிக்கும்போது இறங்கியிருக்கும், சில பிள்ளைகளுக்கு அப்போது எரிச்சலும் கூடும். மோதல் நடந்த நேரங்களை ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

அமெரிக்காவில் பெர்க்லியில் ஏடிஹெச்டி உள்ள 140 சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வளர்ந்த பிறகு தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அவர்களிடம் அதிகம் இருந்தது. "நான் எதுக்கு இருக்கேன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். டாக்டரை அன்றைக்கே பாருங்கள், இரவானால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.