நம்ம வீட்டு ஆட்கள் குழு: ஞாயிற்றுக்கிழமை ப்ளக் மாற்றிய கதை

நான் (காலை 6:48)
எல்லோரும் எழுந்தாச்சா? நேற்று பழமுதிர்ச்சோலை ஏற்றத்தில் நம்ம மாருதி 800 மானத்தை வாங்கிவிட்டது. சமதரையில் ஒழுங்காகத்தான் வந்தது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டுப் டுப் என்று மிஸ்ஸிங். பின்னால் வந்த வேன்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அக்கா (6:55)
அம்மா என்னிடம் "நல்ல தரிசனம்" என்று மட்டும்தானே சொன்னார்கள்.

அம்மா (6:56)
தரிசனம் நல்ல தரிசனம்தான். வண்டியைப் பற்றி நீ கேட்கவில்லை.

மச்சான் (7:02)
மாப்ள, ஸ்பார்க் ப்ளக்கைப் பாருங்க, பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி அடிக்கிறதே, அது. மேட்டில் மட்டும் மிஸ் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். எப்போது மாற்றியது?

நான் (7:05)
இரண்டு வருஷம் இருக்கும், ஒரு ஒர்க்‌ஷாப்பில். ராத்திரியே பைக்கில் சிம்மக்கல் போய் மூன்று ப்ளக்கும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடும் வாங்கி வந்துவிட்டேன். பழைய ப்ளக் நம்பர் புத்தகத்தில் இருந்தது, அதே நம்பர்தான். இன்று நானே மாற்றப் போகிறேன்.

மச்சான் (7:07)
நம்பர் பார்த்தது நல்லது. என்ஜிகே கம்பெனியில் எண் ஏற ஏற ப்ளக் குளிர்ச்சி வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும். பாஷ்-ல் அப்படியே தலைகீழ், எண் ஏறினால் சூட்டு வகை. கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சித்தப்பா (7:15)
சபாஷ்டா. அப்படியே என் பொலிரோவுக்கும் நாலு ப்ளக் வாங்கி வை, அடுத்த வாரம் வருகிறேன்.

மச்சான் (7:18)
மாமா, உங்க வண்டி டீசல். டீசலில் பொறி கிடையாது. காற்றை நெருக்குகிற நெருக்கில் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சில வண்டியில் குளிர் நேரத்தில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் ப்ளக் இருக்கும், அது வேறு சமாச்சாரம்.

சித்தப்பா (7:21)
அப்போ போன சர்வீசில் "ப்ளக் கிளீனிங்" என்று பில்லில் 400 ரூபாய் போட்டானே, அது என்ன?

அக்கா (7:22)
அது உங்களைக் கிளீன் பண்ணியது சித்தப்பா.

அத்தை (7:30)
ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுகிறேன், தப்பு இருந்தால் அவரைத் திட்டுங்கள்.
"ராத்திரி முழுக்க நின்ற வண்டியா? சூட்டோடு கழற்றாதே. ப்ளக் உட்கார்ந்திருக்கிற இன்ஜின் ஹெட் அலுமினியம், மரையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். கழற்றும் முன்னாடி ப்ளக்கைச் சுற்றி இருக்கிற மண்ணை ஊது, சைக்கிள் பம்ப் போதும். உள்ளே விழுந்த மணல் சிலிண்டரை அரைத்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காதே. வயர் நுனியில் இருக்கிற தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி உருவு. மூன்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதே, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு. வயர் மாறினால் என்னைக் கூப்பிடாதே."

நான் (7:34)
சரி ஐயா. நேற்று சாயங்காலம் நிறுத்தியது, தொட்டால் சில்லென்று இருக்கிறது.

நான் (8:21)
முதல் ப்ளக் வந்துவிட்டது. 21 சாக்கெட். அசையவே இல்லை, அப்புறம் ஒரு கிரீச். எனக்கு உயிர் போய் வந்தது.
(படம்)
நுனி சுட்ட மண்சட்டி நிறம். நடுக்கம்பியின் ஓரம் கூர் போய், நக்கித் தேய்ந்த குச்சி ஐஸ் மாதிரி உருண்டையாக இருக்கிறது. நடுக்கம்பிக்கும் அதன் மேல் வளைந்து நிற்கிற கொக்கிக்கும் நடுவில் கேஜ் விட்டுப் பார்த்தேன், 1.1 தாராளமாகப் போகிறது. புத்தகத்தில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று இருக்கிறது.

மச்சான் (8:25)
மேட்டில் திணறியதற்குக் காரணம் அதுதான் மாப்ள. பொறி அடிக்க அடிக்க உலோகம் தேயும், இடைவெளி கூடும். கூடினால் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும், அப்போது தாண்டுவது இன்னும் கஷ்டம். அந்த வோல்டேஜைக் கொடுக்கிற இக்னிஷன் காயில் கையை விரித்துவிடும். சமதரையில் எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது. நிறம் நல்ல நிறம்தான், பயப்பட வேண்டாம்.

தம்பி (8:27)
அப்போ 0.4 வைத்துவிடுண்ணே. சுலபமாகத் தாண்டிவிடுமே.

மச்சான் (8:29)
தாண்டும். ஆனால் பொறி குட்டை. கலவையைப் பற்றவைக்க அதற்குத் தெம்பு பத்தாது, ஐடிலில் நின்றாலே வண்டி உதறும்.

நான் (8:40)
இரண்டாவது ப்ளக் வேற கம்பெனி! மூன்றும் புதுசு என்றுதான் இரண்டு வருஷம் முன்னாடி காசு வாங்கினார்கள். மூன்றாவதில் காய்ந்த கரி, விரலில் மை மாதிரி ஒட்டுகிறது.

அத்தை (8:44)
ஐயா: "கரி காய்ந்திருக்கா, பிசுபிசுப்பா? காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், இல்லை ப்ளக் சரியாக அடிக்கவில்லை. பிசுபிசு என்றால் ஆயில் ஏறுகிறது, அதுதான் செலவு."

நான் (8:45)
காய்ந்ததுதான் ஐயா.

தம்பி (8:50)
புது ப்ளக்கை எதற்கு அளக்க வேண்டும்? பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட வேண்டியதுதானே?

நான் (9:02)
நானும் அப்படித்தான் நினைத்தேன். அளந்து பார்த்தால் இரண்டு 0.8, ஒன்று 0.9. ஒரே ப்ளக் பல வண்டிக்குப் போகும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணக்கு. போதாததற்கு, பெட்டியோடு கடைக்காரர் மேஜையில் விட்டெறிந்தாரே, அதையும் சேர்த்துக்கொள்.

அத்தை (9:06)
ஐயா: "கேஜ் எல்லாம் எதற்கு? ஆக்ஸா பிளேடை விட்டுப் பார்த்தால் போதும். அம்பாசிடர் டாக்ஸியை அப்படித்தான் ஓட்டினேன்."

நான் (9:13)
ஐயா சொன்னாரே என்று ஆக்ஸா பிளேடின் கனத்தை வெர்னியரில் பார்த்தேன். 0.65! ஐயா, உங்க கணக்கு அந்தக் காலத்து வண்டிக்குச் சரி. இதற்குக் கொஞ்சம் பத்தாது.

அத்தை (9:15)
ஐயா பதில் சொல்லவில்லை. காபி கேட்கிறார்.

மச்சான் (9:18)
0.9-ஐக் குறைக்க வெளியே வளைந்து நிற்கிற கொக்கியை மட்டும் தட்டுங்க மாப்ள. மரக்கட்டை மேல் லேசாக, தட்டித் தட்டி அளந்து பார்க்கணும். கூட்ட வேண்டும் என்றாலும் கொக்கியைத்தான் நெம்பணும். நடுக்கம்பியைத் தொட்டால் பீங்கான் விரியும். 0.8 தகடு உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், புத்தகத்துக்குள்ளிருந்து ரூபாய் நோட்டை உருவுகிற மாதிரி. தொளதொள என்று போனால் அதிகம், திணிக்க வேண்டி வந்தால் குறைவு.
தம்பி, நீ இதைப் படித்துவிட்டு உன் வண்டியில் கை வைக்காதே. உன்னுடையது இரிடியம் ப்ளக்காக இருந்தால் நடுக்கம்பி ஊசி மாதிரி இருக்கும், வட்டக் கேஜை வைத்து நெம்பினால் நுனி உடைந்துவிடும்.

சித்தப்பா (9:24)
மாட்டும்போது மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவு. அடுத்த தடவை சுலபமாக வரும்.

மச்சான் (9:26)
வேண்டாம் மாமா. புது ப்ளக் மரையில் முலாம் பூசித்தான் வருகிறது, எதுவும் தடவ வேண்டாம் என்று என்ஜிகே-யே சொல்கிறது. வழுக்கினால் கை அளவு தெரியாமல் கூடுதலாக முறுக்கிவிடுவோம்.

நான் (9:28)
எவ்வளவு முறுக்க வேண்டும்? டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை.

மச்சான் (9:33)
இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இல்லை என்றால் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்க. முதலில் ஸ்பேனரே வேண்டாம். ஒரு சாண் பெட்ரோல் டியூபை ப்ளக்கின் வாலில் செருகி, டியூபைத் திருகியே உள்ளே இறக்கணும். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் போய் வாஷர் உட்கார்ந்த இடம்தான் 12 மணி. அங்கிருந்து சாக்கெட்டில் 6 மணி தாண்டி 8 மணிக்குள் நிறுத்திவிடணும். வாஷர் நசுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே நசுங்கிய பழைய ப்ளக்கைத் திரும்பப் போட்டால் 1 மணி வரைக்கும்தான்.

அம்மா (9:35)
எட்டு மணி, ஒரு மணி எல்லாம் இருக்கட்டும். கறி வாங்க எத்தனை மணிக்குப் போகிறாய்?

நான் (10:04)
மூன்றும் மாட்டியாச்சு. தொப்பி ஒவ்வொன்றும் டக் என்று உட்கார்ந்தது. ஸ்டார்ட் பண்ணப் போகிறேன்.

நான் (10:09)
ஸ்டார்ட் ஆனது. ஆனால் உதறுகிறது! நேற்றுகூட ஐடிலில் இப்படி இல்லை.

சித்தப்பா (10:10)
கிரீஸ் தடவியிருக்கலாம்.

மச்சான் (10:12)
வயர் மாறவில்லையே?

நான் (10:13)
இல்லை மச்சான், ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன்.

அத்தை (10:17)
ஐயா: "ஏதாவது ஒன்றைக் கீழே போட்டாயா?"

அத்தை (10:22)
ஐயா கேட்கிறார், பதிலைக் காணோம் என்று.

அம்மா (10:23)
டங் என்று அடுப்படி வரைக்கும் கேட்டது.

நான் (10:25)
மாட்டுவதற்கு முன்னாடி மூன்றாவது ப்ளக் பம்பரில் பட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன். அளந்து முடித்ததுதானே என்று மறுபடி பார்க்கவில்லை.

அத்தை (10:27)
ஐயா: "கழற்று. இன்ஜின் ஆறட்டும், அதற்குள் கறி வாங்கிக்கொண்டு வா."

நான் (11:48)
கறி வந்தது, ப்ளக்கும் வந்தது. 0.4 தகடுகூட திணறித்தான் போகிறது. கொக்கி அப்படியே நடுக்கம்பி மேல் படுத்துவிட்டது. தம்பி, நீ ஆசைப்பட்ட 0.4 இதுதான், பார்த்துக்கொள்.
(படம்)
மறுபடி நெம்பி 0.8 வைத்துவிடவா ஐயா?

அத்தை (11:53)
ஐயா: "வேண்டாம். கீழே விழுந்ததை வண்டியில் போடாதே. உள்ளே பீங்கானில் மயிரிழை கீறல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். நூறு சொச்சத்துக்கு மறுபடி அழகர்மலை ஏற்றத்தில் நிற்காதே. தூக்கிப் போடு."

நான் (மதியம் 1:10)
சிம்மக்கல் கடை ஞாயிறு பூட்டு. பழங்காநத்தத்தில் ஒரு கடை அரைக் கதவு திறந்திருந்தது. ஒரே ஒரு ப்ளக் கேட்டதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "கீழே போட்டீங்களா தம்பி?"

நான் (1:52)
அளந்து, கையிலேயே வைத்திருந்து, நேராக மாட்டினேன். இப்போது ஐடிலில் டேஷ்போர்டு மேல் வைத்த தண்ணீர் டம்ளர் சும்மா இருக்கிறது. 19 விநாடி வீடியோ போடுகிறேன், சத்தம் கேளுங்கள்.

மச்சான் (1:55)
தையல் மிஷின் மாதிரி ஓடுது மாப்ள!

அக்கா (1:56)
வீடியோவில் அம்மா "சோறு ஆறுது" என்று கத்துவதுதான் கேட்கிறது.

நான் (மாலை 5:40)
ஐயாவிடம் காட்ட அத்தை வீட்டுக்கு வண்டியை எடுத்து வந்தேன். வருகிற வழியில் மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. பானெட்டைத் திறந்து வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பழைய மூன்றையும் விழுந்ததையும் காட்டச் சொன்னார்.

அத்தை (6:25)
இது நான் சொல்வது, ஐயா இல்லை. தூக்கிப் போடச் சொன்ன அந்தப் ப்ளக்கைத் துடைத்து, பேப்பரில் சுற்றித் தன் டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்கிறார்.