கேன்சர் ட்ரீட்மெண்ட் முடிஞ்சு அம்மா ஊருக்கு வந்தாச்சு, இனிமே அங்க யாருகிட்ட கேக்கறது?

அரூர்ப்பொண்ணு:
அம்மாவுக்கு மார்புல கேன்சர், வலது பக்கம் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைக்கிறது எல்லாம் முடிஞ்சு இப்ப கேன்சர் திரும்பாம இருக்க டமாக்சிபென் மாத்திரை மட்டும்தான். நான் ஓசூர்ல வேலை, அம்மா அரூர் பக்கம் கிராமத்துல. கொஞ்ச நாளா அந்தக் கை வீங்குது, மோதிரம் கழட்ட வரல, கேட்டா களை எடுத்ததுலடின்னு சொல்லி மழுப்புறாங்க. பாட்டிக்கு பிரஷர் மாத்திரை குடுக்க மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கே வர்றாங்க, அவங்ககிட்ட இத கேக்கலாமா இல்ல பிபி சுகருக்கு மட்டும்தானா?

முன்னாள் தன்னார்வலர்:
தாராளமா கேளும்மா. நான் கிருஷ்ணகிரி பக்கம் அந்த வேலைதான் பாத்தேன், 2021 ஆகஸ்ட்ல சாமனப்பள்ளில ஆரம்பிச்சப்பவே பிசியோதெரபி, வலி நிவாரண சிகிச்சை எல்லாம் அதுல உண்டு. அக்காவே வைத்தியம் பண்ண மாட்டாங்க, ஆனா பிளாக்ல இருக்கற பிசியோகிட்டயும் நர்ஸ்கிட்டயும் சொல்லி விடுவாங்க. டாக்டர்கிட்ட வாயே திறக்காதவங்க திண்ணைல உக்காந்தா எங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டுவாங்க. ஒரு அம்மா இதே டமாக்சிபென் போட்டா உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுதுன்னு நிறுத்திட்டாங்க, வீட்ல ஒருத்தருக்கும் தெரியல, நான் அட்டைய எண்ணிப் பாத்தப்பதான் வெளிய வந்துச்சு. வருஷக்கணக்கா சாப்பிட வேண்டிய மாத்திரை அது, எரிச்சல டாக்டர்கிட்ட சொன்னா அதுக்கு வழி இருக்கு.

பிசியோ_சேலம்:
வீக்கத்த களை மேல போட்டு விட்றாதீங்க. ஆபரேஷன்ல அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சையும் எடுத்திருந்தா கைல நீர் தேங்கலாம், ஆனா புதுசா வந்த வீக்கம்னா வேற காரணமும் இருக்கலாம், அதனால அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம டாக்டர் ஒருதடவ பாக்கணும். மோதிரம், வளையல கழட்டிடுங்க, வரலன்னா வெட்டியாவது எடுங்க. அந்தக் கைல ஊசி, பிபி கூடியவரைக்கும் வேணாம், இத அந்த அக்காகிட்டயும் சொல்லி வைங்க. வயல்ல கையுறை போடட்டும், முள்ளு கிழிச்சா சோப்பு போட்டு கழுவட்டும். கை சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அரூர்ப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. அக்கா வர்ற அன்னைக்கு லீவு போட்டு நானும் போறேன். அம்மா செக்கப்னாலே பஸ் காசு, ஒரு நாள் கூலின்னு கணக்கு பாத்து தள்ளிப் போடறாங்க, அதுக்கு என்ன பண்றது?

மொரப்பூர்_செல்வி:
நானும் அதே ஆபரேஷன் ஆனவதான் கண்ணு. செக்கப் போக ரயில்ல சலுகை இருக்கு, ஸ்லீப்பர்ல நமக்கு டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணம் கிடையாது, கூட வர்றவங்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஆஸ்பத்திரில ரயில்வே ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி கவுண்டர்ல குடுக்கணும். கூலி போறதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா கைய மட்டும் தள்ளிப் போட வேணாம்னு அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லு, வேணும்னா போன்ல நானே பேசறேன்.