கிளாக்கோமாவும் மூளையும்: பரிசோதனை அறையில் பார்த்தவை

கிளாக்கோமா மருத்துவர்:

கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்லச் செத்துப்போகும் கண்நோய்) வந்தால் சுற்றிலும் இருண்டு, நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போல் தெரியும் என்று விழிப்புணர்வுப் படங்களில் போடுகிறார்கள். நோயாளிகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 50 நோயாளிகளிடம் சில படங்களைக் காட்டி, தங்கள் பார்வைக்கு எது ஒத்துவருகிறது என்று கேட்டார்கள். கறுப்புக் குழாயையோ கறுப்புத் திட்டுகளையோ ஒருவரும் தொடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ஆங்காங்கே மங்கலான படத்தை எடுத்தார்கள். நான்கில் ஒருவருக்குக் குறை இருப்பதே தெரியவில்லை. அந்தக் குழாய்ப் படத்தால் நேரும் கெடுதல் பெரிது. “எனக்குத்தான் எதுவும் கறுப்பாகத் தெரியவில்லையே” என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

கறுப்புத் தெரியாததற்குக் காரணம் மூளை. ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, 1 செ.மீ. அகலத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்துக்கு அருகே கொண்டு வாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அங்கே ஓட்டை தெரிய வேண்டும், ஆனால் வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். அடுத்து அந்தப் புள்ளியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். புள்ளி மறையும், கோடு அறுபடாமல் ஓடும். இல்லாத தகவலைச் சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. கிளாக்கோமாவில் செத்துப்போன பகுதிகளுக்கும் இதே ஒட்டுவேலை நடக்கிறது. போதாததற்கு, ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுகட்டிவிடுகிறது.

பார்வை நரம்பில் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கண்ணின் பின்சுவரில் சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகள் வழியாக வெளியேறுகின்றன. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடும்போது அந்தத் தட்டு வளைந்து இழைகளை நெரிக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சரக்கும், மூளையிலிருந்து விழித்திரைச் செல்லுக்குத் திரும்பி வர வேண்டிய வளர்ச்சிப் புரதங்களும் அங்கேயே தேங்குகின்றன. செல் சாகிறது. அதோடு முடிவதில்லை. இழைகளில் பெரும்பாலானவை மூளையின் நடுவிலுள்ள தலாமஸில் இருக்கும் ஆறு அடுக்கு நிலையத்தில் போய்ச் சேர்கின்றன. வரத்து நின்றதும் அங்குள்ள செல்கள் சுருங்குகின்றன, அடுத்து பிடரிப் பக்கத்தில் மூளையின் மேலடுக்கான பார்வைப் புறணியும் மெலிகிறது. குரங்குகளில் முதலில் காட்டப்பட்ட இந்தச் சங்கிலி, இறந்துபோன ஒரு நோயாளியின் மூளையிலும் இருப்பது 2006இல் பதிவாகியது.

ஃபீல்டு டெஸ்ட் எடுப்பவர்:

டாக்டர் சொன்ன தாளை டெஸ்டுக்கு முன் இரண்டு நிமிடம் காட்டிவிட்டால் விளக்கம் பாதியாகக் குறையும். ஃபீல்டு டெஸ்ட் என்பது பார்வைப் பரப்பைச் சோதிப்பது: நடுவிளக்கையே பார்த்தபடி, ஆங்காங்கே ஒளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். எந்திரமும் அதே தந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறது. இடையிடையே குருட்டுப்புள்ளியில், அதாவது தாளில் புள்ளி மறைந்த இடத்தில், ஒளியைப் போடும். அதற்கு பட்டனை அழுத்தினால் பார்வை நடுவிளக்கில் நிற்கவில்லை என்று கணக்கு. அந்தத் தவறு 20 விழுக்காட்டைத் தாண்டினால் முடிவுத் தாளில் குறி விழும்.

வழக்கமாக எடுப்பது 24-2 என்னும் வகை. 54 புள்ளிகள், இடைவெளி 6 டிகிரி. ஒவ்வொரு ஒளியும் 0.2 வினாடிதான் எரியும். நடுப்பார்வையில் சந்தேகம் இருந்தால் 10-2 என்னும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் 68 புள்ளிகள், இடைவெளி 2 டிகிரி. நடு 10 டிகிரிக்கு மட்டும் மூளையின் முதன்மைப் பார்வைப் புறணி பாதிக்கு மேல் இடம் கொடுத்திருக்கிறது. 24-2இன் புள்ளிகளுக்கு இடையில் அங்கே விழும் ஒரு சின்ன ஓட்டை, வாசிப்பையே கெடுத்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள்: மேலிமை தொங்கினால் மேல்பாதி முழுக்கக் கறுப்பாக வரும், டேப் போட்டு இமையைத் தூக்கி மறுபடி எடுக்க வேண்டும். டெஸ்டுக்குப் போடும் லென்ஸ் சட்டத்திலிருந்து கண் விலகியிருந்தால் ஓரத்தில் வளையம் போல் குறை விழும். அருகில் பார்ப்பதற்கான பவர் போடாவிட்டால் எல்லாப் புள்ளியும் ஒருசேர இறங்கும். தெரியாததற்கெல்லாம் அழுத்துபவர்களின் தாளில் வெள்ளைத் திட்டுகள் வரும். பொய் அழுத்தல் 15 விழுக்காட்டைத் தாண்டிய தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. களைத்துப்போனால் நான்கு இதழ் கொண்ட க்ளோவர் இலை வடிவம் வரும்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் டெஸ்டே வீண். வரும் ஒளிகளில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத மங்கலில்தான் வரும், அது இயல்பு. இது தெரியாதவர்கள் பயந்துபோய் ஒளியைத் தேடிக் கண்ணை உருட்டுகிறார்கள். கண் சிமிட்டலாம். ஓய்வு வேண்டுமென்றால் பட்டனை அழுத்திப் பிடித்தால் எந்திரம் நிற்கும். முதல் டெஸ்ட் மோசமாக வந்தால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, மூன்றாவதில்தான் பின்னால் ஒப்பிட உதவும் உண்மையான தொடக்க அளவு கிடைக்கும்.

விஇபி டெக்னீஷியன்:

விஇபி என்பது கண் பார்க்கும் காட்சிக்கு மூளை தரும் மின் எதிர்வினையை அளக்கும் சோதனை. அதை அளக்கிறோம் என்றதும் “கிளாக்கோமா மூளையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று இதில் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் தெரியாது. தலையின் பின்னால், பிடரி எலும்பு மேட்டுக்குச் சற்று மேலே மின்முனையை ஒட்டி, சதுரங்கக் கட்டங்களை வினாடிக்கு இரண்டு முறை புரட்டினால் ஏறத்தாழ 100 மில்லிவினாடியில் ஒரு மேடு எழும். அந்த மேட்டில் பெரும்பங்கு நடுப்பார்வையுடையது. கிளாக்கோமா பொதுவாக நடுவை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை முதலில் எடுக்கிறது. அதனால் ஃபீல்டில் நல்ல ஓட்டை இருந்தும் விஇபி இயல்பாக வரலாம். மேட்டின் உயரம் குறையாமல் நேரம் மட்டும் மிகவும் தள்ளிப்போனால், நரம்பு அழற்சி போன்ற வேறு காரணத்தை டாக்டர் பார்க்க வேண்டும்.

மின்முனைத் தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், அதனால் தலையில் எண்ணெய் இல்லாமல் வாருங்கள். கண்ணாடியைக் கொண்டு வாருங்கள். பவர் இல்லாமல் எடுத்தால் சின்னக் கட்டங்களில் அலை சரிந்து, நரம்பு கெட்டதாகத் தோன்றும். தூக்கக் கலக்கம் வந்தால் மூளையின் ஆல்ஃபா அலைகள் எல்லாவற்றையும் மூடிவிடும். கண் அழுத்தத்தைக் குறைக்கும் பிரிமோனிடின் சொட்டு போடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், அது மூளைக்குள் போய்த் தூக்கம் வரவழைக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பதும் அதனால்தான்.

நரம்புக் கதிரியக்கப் பிரிவிலிருந்து:

மூளை இயங்குவதைக் காட்டும் ஸ்கேனான செயல்பாட்டு எம்ஆர்ஐ வழியாக மூளையின் பாதிப்பை நேராகவே பார்த்திருக்கிறார்கள். 2007இல் வெளியான ஆய்வில், ஃபீல்டில் எந்தப் பகுதி கெட்டிருந்ததோ, பார்வைப் புறணியில் அதற்குரிய இடத்தின் இரத்த ஓட்ட எதிர்வினை குறைந்திருந்தது. 2023இல், காபா என்னும் அடக்கு வேதிப்பொருள் நோய் முற்ற முற்றப் பார்வைப் புறணியில் குறைவதாகக் கண்டார்கள். இவை ஆய்வுக்கூட அளவீடுகள். சிகிச்சையை முடிவு செய்ய இவற்றை எடுக்க வேண்டியதில்லை.

எம்ஆர்ஐ கட்டாயம் தேவைப்படும் இடம் வேறு. கிளாக்கோமாவின் குறை கிடைக்கோட்டில் வந்து நிற்கும், விழித்திரை இழைகள் மேலும் கீழுமாக அப்படித்தான் பிரிந்து ஓடுகின்றன. செங்குத்துக் கோட்டில் வெட்டினாற்போல் நின்றால் சேதம் கண்ணில் அல்ல, நரம்புகள் மாறிச் செல்லும் குறுக்கிலோ அதற்குப் பின்னாலோ இருக்கும். பார்வை நரம்பின் குழிவை விட வெளிறல் அதிகமாக இருப்பது, நிறங்கள் சீக்கிரம் மங்குவது, ஃபீல்டுக்குப் பொருந்தாமல் பார்வைக் கூர்மை விழுவது ஆகியவற்றுக்கும் எம்ஆர்ஐ தேவை. அழுத்தம் இயல்பாக இருப்பவர்களில் இதைத் தவறவிட்டால் கட்டி ஒன்று கிளாக்கோமா என்ற பெயரில் சொட்டு மருந்தோடு வளரும்.

கண்ணுக்குள் இருக்கும் நீரை வடிக்கும் ஷன்ட், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டையைக் கொண்டு வாருங்கள். சில எஃகிலும் சில டைட்டானியத்திலும் செய்யப்பட்டவை. கண் மையையும் மஸ்காராவையும் கழுவிவிட்டு வாருங்கள், அவற்றில் இரும்பு ஆக்சைடு இருக்கலாம்.

கிளாக்கோமா மருத்துவர்:

மூளை கெடுகிறது என்றதும் “மூளைக்கு மாத்திரை உண்டா?” என்ற கேள்வி வந்தே தீரும். மறதிநோய்க்குக் கொடுக்கும் மெமன்டைனை நான்கு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளிலும் பயனில்லை என்றே 2018இல் முடிவுகள் வெளியாயின. சங்கிலியின் முதல் கண்ணி கண்ணில்தான் இருக்கிறது. அழுத்தத்தை 1 மி.மீ. பாதரசம் குறைத்தாலே முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது.

ஒரு சொட்டு போதும், அதற்கு மேல் கண் தாங்காது. போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிமோலால் மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பு குறையும், ஆஸ்துமா கிளம்பும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்.

பார்வைக்குறை மறுவாழ்வுப் பயிற்றுநர்:

மூளையின் நிரப்பல் வேலை ஆபத்தாக மாறும் இடம் படிக்கட்டு. கீழ்ப்பாதி ஃபீல்டு போனவர்களுக்குப் படி இருட்டாகத் தெரியாது, மேல்தளத்தின் தரை அப்படியே நீண்டு தெரியும். அதனால்தான் தயங்காமல் காலை வைத்து விழுகிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தரைக்கு நேர்மாறான நிறத்தில் 5 செ.மீ. அகலப் பட்டை ஒட்டுங்கள். படியின் மேற்பரப்பு முழுவதற்கும் நிறம் அடித்தால் பயனில்லை, விளிம்பு எங்கே முடிகிறது என்பது மறுபடி தொலைந்துவிடும். படியருகே வந்ததும் நின்று, கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து முதல் விளிம்பைக் கண்டுபிடித்த பிறகு கைப்பிடியைப் பற்றிக் கால் வைக்கப் பழக்குங்கள்.