சென்னை விமானப் பயணிகள் கணிப்பு: சாரிமா மாடல் ஏப்ரல்ல பாதாளத்துக்குப் போகுது, என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை 21

வணக்கம். மண்ணடியில ஒரு டிக்கெட் ஏஜென்சிக்கு, சென்னை விமான நிலையத்துல அடுத்த 12 மாசம் எவ்வளவு கூட்டம் இருக்கும்னு மாசவாரியா கணிச்சுத் தரணும். குரூப் டிக்கெட்டுக்கு எந்த மாசம் தைரியமா முன்பணம் கட்டலாம்னு அதை வச்சுத்தான் முடிவெடுக்கப் போறாங்க.

டேட்டா இந்திய விமான நிலைய ஆணையத்தோட மாதாந்திர அட்டவணையில இருந்து எடுத்தது. ஏப்ரல் 2012 முதல் மார்ச் 2025 வரை 156 மாசம். உள்நாடு தனி, வெளிநாடு தனி. பைத்தான்ல ஸ்டாட்ஸ்மாடல்ஸ் லைப்ரரி, அதுல சாரிமேக்ஸ் (பழைய மாசங்களையும் வருஷா வருஷம் திரும்பி வர்ற ஏற்ற இறக்கத்தையும் வச்சுக் கணிக்கிற சாரிமா மாடல்), வரிசை, அதாவது மாடலோட அமைப்பு எண்கள், (0,1,1)(0,1,1), சீசன் 12 மாசம்.

மதிப்புகளுக்கு லாக் (மடக்கை) எடுக்கும்போது எரர் வந்துச்சு. ஏப்ரல் 2020 உள்நாட்டுக் கட்டம் என் ஃபைல்ல சுழி. எல்லா மதிப்போடயும் 1 கூட்டி லாக் எடுத்ததும் எரர் போயிடுச்சு. ஆனா இப்போ ஏப்ரல் 2025 கணிப்பு மார்ச்சைவிட மூணுல ஒரு பங்கு குறைவா நிக்குது. 95% வரம்போட (நிஜ எண் 95% வாய்ப்போட விழுற இடைவெளி) மேல் எல்லை நடுக்கோட்டைவிட பத்து மடங்கு. வரிசையைத் தானே தேர்ந்தெடுக்கிற ஆட்டோ அரிமாவை ஓட்டினா, டேட்டாவுல ரெண்டு மாசம் கூட்டிக் குறைச்சாலே வேற வேற வரிசையைத் தேர்ந்தெடுக்குது. எந்த வரிசை போட்டா சரியாகும்?

ராயபுரம் ரயிலடி

வரிசையைத் தொடாதீங்க ப்ரோ. முதல்ல உங்க கோடு (பைத்தான் புரோகிராம்) சரியா இருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க. புள்ளியியல் நிபுணர்கள் பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-ல வந்த புத்தகத்துல எடுத்தாண்ட சர்வதேசப் பயணிகள் டேட்டா எல்லா மென்பொருள்லயும் கிடைக்கும். ஜனவரி 1949 முதல் டிசம்பர் 1960 வரை 144 மாசம், ஆயிரங்கள்ல. முதல் மதிப்பு 112, கடைசி 432. நீங்க போட்டிருக்கிற வரிசைக்கு "ஏர்லைன் மாடல்"னு பேர் வந்ததே அந்த டேட்டாவாலதான். அதுக்கு லாக் எடுத்து உங்க கோடுலயே ஓட்டுங்க. சாதா எம்.ஏ. (போன மாசத்துப் பிழைக்கு மாடல் கொடுக்கிற எடை) சுமார் -0.40, சீசனல் எம்.ஏ. (போன வருஷம் இதே மாசத்துப் பிழைக்கான எடை) சுமார் -0.56 வரணும். பழைய புத்தகங்கள்ல குறி மாறி நேர் எண்ணா இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னொண்ணு: அந்த அட்டவணையில மாசக் கணக்கும், ஏப்ரல்ல இருந்து அந்த மாசம் வரைக்குமான கூட்டுத்தொகையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். எந்தப் பத்தியை எடுத்தீங்கன்னு பாருங்க.

தண்டையார்பேட்டை 21

பத்தி சரிதான், மாசக் கணக்கைத்தான் எடுத்திருக்கேன். 144 மாச டேட்டாவை ஓட்டினதுல -0.40, -0.56 அப்படியே வந்துச்சு.

பெரம்பூர் புள்ளியியல்

அப்போ கோடுல குறை இல்லை தம்பி, அந்த 1 கூட்டினதுலதான் குறை. மாசம் 14 லட்சம் பேர்னு வச்சுக்கங்க, அதோட லாக் 14.15. சுழியோட 1 கூட்டி லாக் எடுத்தா 0. அதாவது ஏப்ரல் 2020-ல மாடலோட கண்ணுக்கு 14 அலகு சரிவு. சாதாரண வருஷத்துல ஒரு மாசத்துக்கும் அடுத்த மாசத்துக்கும் லாக்ல இருக்கிற வித்தியாசம் 0.1-ஐச் சுத்தித்தான் இருக்கும். பிழையோட வர்க்கத்தைக் குறைக்கிற மாடல், 200-க்குக் கிட்ட வர்ற அந்த ஒரே வர்க்கத்தைச் சமாளிக்கவே தன் கோஎஃபிஷியன்ட் (எடை) எல்லாத்தையும் வளைச்சுக்கும். அந்தச் சரிவுல ஒரு பங்கு "ஏப்ரல்னாலே இப்படித்தான்"னு சீசனல் பகுதிக்குள்ள போய் உட்கார்ந்துக்குது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சாலும் 2025 வரைக்கும் மிச்சம் இருக்கு. நீங்க பார்க்கிற பள்ளம் அதுதான். வரம்பு விரிஞ்சதும் அதே காரணம்: சிக்மா (பிழையோட பரவல்) 1.2 ஆகிட்டா மேல் எல்லை, இ-யோட (2.718) 1.96 × 1.2 = 2.35 அடுக்கு, பத்து மடங்கைத் தாண்டும்.

கூட்டுறது 1-ஆ 100-ஆன்னு மாத்திப் பார்க்கிறதுல பிரயோஜனம் இல்லை. அந்த மாசங்கள்ல மக்கள் பறக்க விரும்பாம இருக்கலை, பறக்க விடலை. உள்நாட்டு விமானங்கள் 25 மார்ச் 2020-ல நின்னு 25 மே 2020-ல மறுபடி ஆரம்பிச்சுது. வெளிநாட்டுக்கான வழக்கமான சேவை 23 மார்ச் 2020-ல நின்னு 27 மார்ச் 2022-லதான் வந்துச்சு. டிமாண்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாத எண்களை டிமாண்டு மாடலுக்கு ஊட்டக் கூடாது. மார்ச் 2020 முதல் மார்ச் 2022 வரை 25 மாசத்தையும் காலியா விடுங்க. நடுவுல வந்த உள்நாட்டு எண்களும் அலைக்கு அலை கட்டுப்பாடு மாறினப்போ வந்தவை, அதனால உள்நாட்டுக்கும் இதே எல்லைதான் வைப்பேன்.

காலி மதிப்பை கால்மன் ஃபில்டர் (மாசம் மாசமா மதிப்பீட்டைத் திருத்திட்டே போற மாடலோட உள் கணக்கு) தானே தாண்டிப் போகும், நீங்க இட்டு நிரப்ப வேண்டாம். சிம்பிள் டிஃபரன்ஸிங் அமைப்பு மட்டும் அணைஞ்சே இருக்கட்டும். அதை ஆன் பண்ணினா கழித்தல் (போன மாசத்தையும் போன வருஷம் இதே மாசத்தையும் கழிக்கிறது) முதல்லயே நடந்து, ஒவ்வொரு காலி மாசமும் தன்னோட சேர்த்து அடுத்த மாசம், 12-வது மாசம், 13-வது மாசம் மூணையும் காலியாக்கும். 25 மாசம் போக வேண்டிய இடத்துல 38 மாசம் போயிடும்.

இடைவெளிக்கு அப்புறம் மட்டம் மாறியிருக்குமேன்னு தனி டம்மி (குறிப்பிட்ட மாசங்களுக்கு 1, மத்ததுக்கு 0 போட்ட பத்தி) போடத் தேவையில்லை. முதல் கழித்தல் இருக்கிறதால இடைவெளி நீள நீள மட்டத்தோட நிச்சயமின்மை தானா பெருகும், ஏப்ரல் 2022 எண் வந்ததும் மாடல் புது மட்டத்தைப் பிடிச்சுக்கும். கவனிக்க வேண்டியது அதுக்கப்புறம்தான். 2022, 2023-ல இருந்தது மீண்டு வந்த வேகம், நிரந்தர வளர்ச்சி இல்லை. ஏர்லைன் மாடல் அதையும் டிரெண்டா எடுத்துக்கிட்டு நேர்க்கோட்டுல இழுத்துட்டே போகும். பக்கத்துலயே டிரெண்டைத் தணிக்கிற எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் (புது மாசங்களுக்கு அதிக எடை கொடுக்கிற மாடல்) ஒண்ணு ஓட்டி, 6 மாசத்துக்கு மேல ரெண்டும் எவ்வளவு விலகுதுன்னு பாருங்க. அதுக்கும் இதே ஸ்டாட்ஸ்மாடல்ஸ்ல ஸ்டேட் ஸ்பேஸ் வகையை எடுங்க, அது காலி மதிப்பைத் தாங்கும்.

டிசம்பர் 2015-க்கு மட்டும் ஒரு டம்மி வேணும். 1-ம் தேதி ராத்திரி மூடின நிலையம் 6-ம் தேதிதான் திறந்துச்சு. சில விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்துல இருந்து போச்சு, அந்தப் பயணிகள் சென்னைக் கணக்குல வர மாட்டாங்க. 31-ல 5 நாள்னா லாக்ல சுமார் -0.18. அதை அப்படியே விட்டா டிசம்பர் 2016-ல எதிர்க்குறியில ஒரு பிழை கிளம்பும். டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலுக்கு மூடினது ஒரு நாள் கணக்குதான், சாதாரண ஏற்ற இறக்கத்துலயே அது மறைஞ்சுடும், விட்டுடுங்க.

மண்ணடி கவுன்டர்

அக்கா சொன்னதோட நாள்காட்டியையும் சேர்த்துக்கங்க. மண்ணடி ஏஜென்சின்னா உம்ரா (மெக்கா புனிதப் பயணம்), வளைகுடா, கொழும்பு, கோலாலம்பூர்தான் பொழப்பு. வெளிநாட்டு டேட்டாவுல ரம்ஜானைச் சேர்க்காத மாடல் மார்ச், ஏப்ரல்ல கண்டிப்பா தப்பும், ஏன்னா அது வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடி நகருது. சீசன் 12-ன்னு கொடுத்த மாடலுக்கு அது தெரியாது.

"இந்த மாசம் ரம்ஜான்"னு 0, 1 போடாதீங்க, நோன்பு நாளைப் பங்கு பிரிங்க. இங்கே 2023-ல மார்ச்சுக்கு 8 நாள், ஏப்ரலுக்கு 21. 2024-ல மார்ச்சுக்கு 20, ஏப்ரலுக்கு 10. 2025-ல 29 நாளும் மார்ச்லயே. பெருநாளுக்கு அப்புறம் வர்ற பத்து நாளுக்கு தனியா இன்னொரு பத்தி வைங்க. நோன்புல உம்ரா கூடும், மத்த பயணம் குறையும். பெருநாள் முடிஞ்சதும் வேற மாதிரி. ரெண்டையும் ஒரே பத்தியில போட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சு கோஎஃபிஷியன்ட் சுழிக்குக் கிட்ட வந்து நிக்கும்.

உள்நாட்டுக்கு இதே மாதிரி தீபாவளி. முன்னாடி 4 நாள், பின்னாடி 4 நாள் சேர்த்து 9 நாள் ஜன்னல் வைங்க. 2023-ல நவம்பர் 12, முழுக்க நவம்பர். 2024-ல அக்டோபர் 31, அதனால அக்டோபருக்கு 5/9, நவம்பருக்கு 4/9. பொங்கல் நகராது, அதுக்கு ஒண்ணும் வேண்டாம்.

மாசக் கூட்டுத்தொகையை நாளால வகுத்துடுங்க. பிப்ரவரி 2024-க்கு 29 நாள். ஒரு நாள் கூடினதே 3.6%. வகுக்காம விட்டா அதுல ஒரு பங்கு அடுத்த பிப்ரவரி கணிப்புல ஏறி உட்காரும்.

தண்டையார்பேட்டை 21

எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினேன். ஏப்ரல் பள்ளம் போயிடுச்சு, வரம்பு நம்புற அளவுக்குச் சுருங்கிடுச்சு. ரொம்ப நன்றி அக்கா. ஆனா ரெசிடுவல் (நிஜ எண்ணுக்கும் மாடல் சொன்னதுக்கும் உள்ள வித்தியாசம்) வரைபடத்துல முதல் மாசமே 10-க்கு மேல நிக்குது, மத்ததெல்லாம் தரையோட தரையா தட்டையா தெரியுது. ரெசிடுவல் மணி வடிவத்துல பரவியிருக்கான்னு பார்க்கிற நார்மல் சோதனையும் தோத்துப்போகுது.

பெரம்பூர் புள்ளியியல்

அது பிழை இல்லை. கழித்தல் மாடலுக்கு உள்ளே நடக்கும்போது ஃபில்டர் எதுவும் தெரியாம சுழியில இருந்து ஆரம்பிக்குது, அதனால முதல் ரெசிடுவல் கிட்டத்தட்ட முதல் மதிப்பேதான். நாளால வகுத்து லாக் எடுத்திருக்கீங்க, 10-க்கு மேலதான் இருக்கும். சாதா கழித்தல் 1, சீசனல் 12, ஆக முதல் 13 ரெசிடுவலை வெட்டிடுங்க, காலி மாசங்களையும் தூக்கிடுங்க, மிச்சத்துல மட்டும் சோதனை போடுங்க.

ஏ.ஐ.சி.யை (மாடல்களைத் தரம் பார்க்கிற மதிப்பெண்) வச்சு லாக் போட்ட மாடலையும் போடாத மாடலையும் ஒப்பிடாதீங்க, கழித்தல் எண்ணிக்கை வேற வேறயா இருந்தாலும் ஒப்பிடாதீங்க, அளவுகோலே வேற. ஏப்ரல் 2023-ல ஆரம்பிச்சு மாசம் மாசமா முன்னே நகர்த்தி, அன்னிக்குக் கையில இருந்த டேட்டாவை மட்டும் கொடுத்து 1, 3, 6 மாசத்துக்குக் கணிச்சுப் பாருங்க. "போன வருஷம் இதே மாசம்" என்கிற எண்ணை ஜெயிக்கலைன்னா அந்த மாடலை ஏஜென்சி கையில கொடுக்காதீங்க.

மண்ணடி கவுன்டர்

முன்பணம்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன் ப்ரோ. ஆணையத்தோட எண் வர்றவங்க, போறவங்க ரெண்டு பேரையும் சேர்த்தது. போற பக்கம் மட்டும் வேணும்னா, உள்நாட்டுக்கு டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வெளியிடுற ஊருக்கு ஊர் அட்டவணையில ரெண்டு திசையும் தனித்தனியா இருக்கும். அதைவிட முக்கியம், அது பறந்தவங்க எண்ணிக்கை, பறக்க நினைச்சவங்க எண்ணிக்கை இல்லை. சீட்டு நிறைஞ்சதும் எண் அங்கேயே நின்னுடும். மே 2023-ல கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்னப்போ குறைஞ்சது சீட்டு, ஆசை இல்லை. நல்லா நிறையுற மாசங்கள்ல உங்க மாடல் டிமாண்டைக் குறைச்சுத்தான் சொல்லும், முன்பணம் கட்ட வேண்டியதும் அதே மாசங்கள்லதான்.

அதனால நிலையக் கணிப்பை எந்த மாசம் சூடு, எந்த மாசம் மந்தம்னு பார்க்க மட்டும் வச்சுக்கங்க. எத்தனை சீட்டுங்கிறதுக்கு ஏஜென்சியோட சொந்தப் புக்கிங் வேணும். ஒவ்வொரு பயணத் தேதிக்கும் 60, 30, 21, 7 நாள் முன்னாடி எத்தனை புக் ஆகியிருந்துச்சு, கடைசியில எத்தனை ஆச்சுன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க. உதாரணத்துக்கு 21 நாள் இருக்கும்போது 42 இருக்கு, இதே மாதிரி பழைய தேதிகள்ல அதுக்கப்புறம் சராசரியா 31 ஏறியிருக்குன்னா கணிப்பு 73. ரம்ஜான் மாசத் தேதிகளை மத்ததோட கலந்து சராசரி எடுக்காதீங்க. கவுன்டர்ல கேட்டு வந்து சீட்டு இல்லாம திரும்பினவங்களுக்கும் ஒரு நோட்டு போடச் சொல்லுங்க: கேட்ட தேதி, ஊர், எத்தனை பேர், எந்த விலை சொன்னதும் போனாங்க. இந்த நாலு பத்தியும் எந்த அட்டவணையிலயும் கிடைக்காது.