டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு மனநல ஆலோசகர் வேண்டும் (பாளையங்கோட்டை, அம்பை பக்கம்)

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் செயலிழந்து, பாளையங்கோட்டையில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்.

சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது. மனசுதான் விட்டுப்போச்சு. தினமும் தாமிரபரணியில் முங்கிக் குளித்த மனுஷருக்கு இப்போ குடிக்கிற தண்ணியையே டம்ளரில் அளந்து கொடுக்கிறோம். யாராவது பார்க்க வந்தால், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த, ஆபரேஷனில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையைத் துண்டால் மூடிக்கிட்டு உள் ரூமுக்குப் போயிடுறார். தூக்கமே இல்லை. "உங்களுக்கெல்லாம் பாரமா கெடக்கேன்" என்கிறார்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். கவனிக்காமல் விட்டால் பத்தியம் தவறும், மாத்திரை தவறும், சிலர் டயாலிசிஸே வேண்டாம் என்பார்கள். என் பயமெல்லாம் அதுதான்.

அரசாங்கத்தோட மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் 14416-ல் நான் பேசினேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனா அப்பா போனையே வாங்க மாட்டேங்கிறார். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கிட்னி நோயாளிகளிடம் பேசிப் பழகிய ஆலோசகரோ மனநல டாக்டரோ பாளையங்கோட்டை, அம்பை பக்கம் இருந்தால் சொல்லுங்கள். மாத்திரை எழுதினால் கிட்னி டாக்டரைக் கலந்துதான் அளவு முடிவு பண்ணணும், அதற்குச் சம்மதிப்பவராக இருக்கணும். டயாலிசிஸ் நடக்கும்போதே பக்கத்தில் வந்து பேசுபவர் கிடைத்தால் ரொம்ப நல்லது.

இன்னொன்று. பல வருஷமாக டயாலிசிஸ் செய்துகொண்டு நடமாடும் பெரியவர் யாராவது அப்பாவிடம் ஒருதடவை பேசுவீர்களா? நாங்கள் சொல்வதைவிட உங்கள் பேச்சுக்குக் காது கொடுப்பார். இன்பாக்ஸில் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.