குற்றாலத்தில் குடும்பத்தோடு தங்க நல்ல இடம் சொல்லுங்களேன்

வணக்கம். ஜூலை கடைசியில் சாரலுக்குக் குற்றாலம் போகிறோம். அம்மா, அப்பா, நாங்கள் இருவர், 7 வயதிலும் 3 வயதிலும் பிள்ளைகள். பொதிகை ரயிலில் வந்து தென்காசியில் இறங்குவோம்.

மூன்று வருடம் முன்பு பேரருவிக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கினோம். அருவி நடை தூரம்தான், அது சரி. ஆனால் நடுராத்திரி வரை வாசலில் வேன் சத்தம், அடுத்த அறையில் குடித்துவிட்டுக் கூச்சல். ஈரத்துணி காயப்போட ஒரு கொடிகூட இல்லை. பெரியவளுக்கு ஈரம் காயாத சட்டையையே மாட்டிவிட்டேன். ஊர் திரும்புவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது, பாவம்.

இந்த முறை ஐந்தருவி சாலைப் பக்கம் பார்க்கலாமா, இல்லை தென்காசியிலேயே தங்கி ஆட்டோவில் போய் வருவது நல்லதா? 5 கிலோமீட்டர்தானே. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் மூன்றும் கட்டாயம் வேண்டும். அப்புறம், சின்னவனைப் புலியருவியில்தான் குளிக்கவைக்கப் போகிறேன், அங்கே தண்ணீர் வேகம் குறைவு. அதற்குப் பக்கத்தில் குடும்பங்கள் மட்டும் தங்கும் வீடு ஏதாவது தெரியுமா?

நீங்களே தங்கிய இடமென்றால் சீசன் வாடகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.